நெல் தரிசில் உளுந்து: சென்னை அணியின் தோல்விக் காலங்கள்

உளுந்தூர்பேட்டையின் பெயரிலேயே உளுந்து இருக்கிறது. ஊரை அடுத்துள்ள உளுந்தாண்டார்கோயிலில் உறையும் இறைவனுக்கு மாஷபுரீஸ்வரர் என்று பெயர். மாஷம் என்பது உளுந்தைக் குறிக்கும் வடசொல். வணிகன் ஒருவன் தன் மிளகு மூட்டைகளை உளுந்து என்று பொய் சொன்னதாகவும், அவை உளுந்தாகவே மாறிப்போனதாகவும் தலத்தில் கதை வழங்குகிறது. மிளகின் விலை வேறு, உளுந்தின் விலை வேறு என்பதை அறிந்தவர்கள் புனைந்த கதை அது.

உளுந்தைப் பற்றி உழவர்கள் அறிந்த மற்றொரு செய்தியும் உண்டு. நெல் அறுவடைக்கு ஒரு வாரமோ பத்து நாளோ இருக்கும்போதே, நிற்கும் பயிருக்கு நடுவில் உளுந்தைத் தூவிவிடுவார்கள். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. நெல்லை அறுத்த பின்னர், வயலில் எஞ்சிய ஈரத்தையும் இரவுப் பனியையும் கொண்டே உளுந்து வளர்ந்துவிடுகிறது. ஏறக்குறைய எழுபது நாளில் காய் பறிக்கலாம். அதன் வேர் முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்தை விட்டுச் செல்வதால் அடுத்து வரும் பயிருக்கும் ஆதாயம். நெல் தரிசுப் பயறு என்று இதற்குப் பெயர். முடிந்துபோன ஒரு பருவத்தின் மிச்ச ஈரத்தில் வரப்போகும் பருவத்தை ஊன்றும் கலை என்று இதனைச் சொல்லலாம்.

இந்தக் கலை வயலுக்கு வெளியிலும் உண்டு. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் வரலாற்றை நெல் தரிசைக் கொண்டு வாசித்தால் விளங்காத சில இடங்கள் விளங்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. இந்த அணியின் கோப்பைகளைப் பற்றி வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. அது தோற்ற ஆண்டுகளின் கடைசி வாரங்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஒரு அணியின் எதிர்காலம் பெரும்பாலும் அந்த வாரங்களில்தான் முடிவாகிறது.

சுற்றந்தழுவிய காலம்

2008 ஜனவரியில் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் சென்னை அணியின் உரிமையை 9.1 கோடி டாலருக்குப் பெற்றது. பிப்ரவரியில் நடந்த முதல் ஏலத்தில் மகேந்திர சிங் தோனி 15 லட்சம் டாலருக்கு வாங்கப்பட்டார். அது தொடங்கி 2025 வரை அணி பதினாறு பருவங்கள் ஆடியிருக்கிறது. சூதாட்ட விவகாரத்தால் 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் தடையில் கழிந்தன. பதினாறில் பத்து இறுதியாட்டங்கள், 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து கோப்பைகள். 2019 வரை ஆடிய பத்துப் பருவங்களில் ஒருமுறைகூட அது லீக் சுற்றோடு வெளியேறியதில்லை. ஆகவே, மீதமுள்ள ஆட்டங்களில் யாரைச் சோதித்துப் பார்ப்பது என்ற கேள்வி அந்த அணியின் முன் எழுந்ததே இல்லை.

திருக்குறளின் பொருட்பாலில் அதிகாரங்கள் நிற்கும் வரிசை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. 51 தெரிந்து தெளிதல், 52 தெரிந்து வினையாடல், 53 சுற்றந்தழால், 54 பொச்சாவாமை. ஆளைத் தேர்வது, தேர்ந்தவனை வினையில் அமர்த்துவது, உற்றாரை அணைத்துக்கொள்வது, வென்ற களிப்பில் மறதிக்கு ஆளாகாதிருப்பது என்று ஆட்சிக் கலை படிப்படியாக நடக்கிறது. சென்னை அணியின் முதற்பகுதி வரலாறு 53ஆம் அதிகாரத்தின் வரலாறு. ஆட்டக்காரர்களை அவ்வளவு எளிதில் அது கைவிடுவதில்லை. ஓர் ஆட்டத்தில் சறுக்கியவருக்கு அடுத்த ஆட்டத்திலும் இடம் உண்டு. தடை முடிந்து 2018இல் திரும்பியபோது தோனி, ரெய்னா, ஜடேஜா ஆகிய மூவரையும் தக்கவைத்துக்கொண்டு, முப்பது வயதைக் கடந்தவர்களாகப் பார்த்து ஏலத்தில் எடுத்தது. அப்பாக்களின் படை என்று ஊர் நகைத்தது. அந்தப் படைதான் கோப்பையை வென்றது. இறுதியாட்டத்தில் 36 வயது ஷேன் வாட்சன் ஆட்டமிழக்காமல் 117 ஓட்டங்கள் குவித்தார். 2019இலும் இறுதியாட்டம் வரை வந்து, மும்பையிடம் ஒரே ஓட்டத்தில் தோற்றது.

அணைத்துக்கொண்டவர்கள் வென்று கொடுத்தார்கள். வென்று கொடுத்ததால் மேலும் அணைத்துக்கொள்ளப்பட்டார்கள். 54ஆம் அதிகாரம் எச்சரிப்பது இத்தகைய வட்டத்தைத்தான்.

பொறி இல்லை என்ற சொல்

2020ஆம் ஆண்டுப் போட்டிகள் பெருந்தொற்றின் காரணமாக ஐக்கிய அரபு அமீரகத்தில் நடைபெற்றன. ரெய்னாவும் ஹர்பஜனும் விலகிக்கொண்டார்கள். 2018ஐக் காட்டிலும் இரண்டு வயது கூடிய படை அடுத்தடுத்துத் தோற்றது. அக்டோபர் 19 அன்று ராஜஸ்தானிடம் தோற்ற பிறகு, இளையவர்களிடம் மூத்தவர்களை அகற்றிவிட்டு இடம்தரத் தூண்டும் பொறியைக் காணவில்லை என்ற பொருள்படத் தோனி பேசினார். முன்னாள் இந்திய அணித்தலைவர் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் தொலைக்காட்சியில் இதைக் கடுமையாக மறுத்தார். தொடர்ந்து வாய்ப்புப் பெற்ற கேதார் ஜாதவிடம் எந்தப் பொறியைக் கண்டீர்கள் என்பது அவருடைய கேள்வி. வாய்ப்பே கொடாமல் பொறியைத் தேடுவது எங்ஙனம் என்பதே அதன் சாரம்.

இனித்தான் நெல் தரிசு தொடங்குகிறது. 2018 டிசம்பர் ஏலத்தில் 20 லட்சத்துக்கு வாங்கப்பட்டு, 2019இல் ஓர் ஆட்டமும் ஆடாமல் இருந்த ருதுராஜ் கெய்க்வாட் அவ்வாண்டு அணியில் இருந்தார். பருவத் தொடக்கத்தில் கொரோனா தொற்றுக்கு ஆளானவர். கிடைத்த முதல் மூன்று வாய்ப்புகளில் அவர் எடுத்தவை 0, 5, 0. மும்பைக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் அணி பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. வெல்ல வேண்டிய கட்டாயமுள்ள பருவமாக இருந்திருந்தால் அவருடைய கதை அத்தோடு முடிந்திருக்கும். இழப்பதற்கு ஏதுமில்லாத அணியாக இருந்ததால் நான்காவது வாய்ப்பும் கிட்டியது. அக்டோபர் 25 பிற்பகலில் பெங்களூருக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 65. அன்று இரவு மும்பையை ராஜஸ்தான் வென்றதோடு சென்னையின் வாய்ப்பு முறைப்படி முடிவுக்கு வந்தது. அடுத்த இரு ஆட்டங்களில் அவர் 72, மீண்டும் ஆட்டமிழக்காமல் 62. சென்னை ஏழாம் இடத்தில் முடித்தது.

மறு ஆண்டு அவர் எடுத்த முதல் மூன்று எண்ணிக்கைகள் 5, 5, 10. அப்போதும் அவரை அணி நீக்கவில்லை. முந்திய ஆண்டின் கடைசி மூன்று ஆட்டங்கள் அவருக்காகச் சாட்சி சொல்லின என்றே கொள்ள வேண்டும். அவர் 635 ஓட்டங்களுடன் அந்தப் பருவத்தில் அதிக ஓட்டங்கள் எடுத்தவரானார். சென்னை கோப்பை வென்றது. 2024 மார்ச்சில் தோனிக்குப் பின் அணித்தலைவராகவும் அவரே ஆனார்.

மீண்டும் ஒரு தரிசு

2022இல் வீழ்ச்சி இன்னும் ஆழமானது. தொடர் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு தலைமை ரவீந்திர ஜடேஜாவிடம் ஒப்படைக்கப்பட்டது. எட்டு ஆட்டங்களில் ஆறு தோல்வி. ஏப்ரல் 30 அன்று தலைமை மீண்டும் தோனியிடமே வந்தது. தெரிந்து வினையாடலில் நேர்ந்த பிழை அது. சிறந்த ஆட்டக்காரரெல்லாம் தலைமைக்கும் உரியவர் என்று கொண்டதன் விளைவு.

அந்தப் பருவத்திலும் பிற்பகுதிதான் விளைந்தது. ஒரு கோடிக்கு வாங்கிய நியூசிலாந்தின் டெவன் கான்வே முதல் ஆட்டத்தோடு வெளியே இருந்தார். மே மாதம் திரும்பி வந்து அடுத்தடுத்த மூன்று ஆட்டங்களில் 85, 56, 87 எடுத்தார். மே 12 அன்று மும்பைக்கு எதிராக 97 ஓட்டங்களுக்குச் சுருண்டு அணி போட்டியிலிருந்து வெளியேறியது. மூன்றாம் நாள், காயமுற்ற ஆடம் மில்னுக்கு மாற்றாக வந்திருந்த 19 வயது இலங்கை இளைஞர் மதீஷ பதிரனவை ஆட்டத்தில் இறக்கினார்கள். வீசிய முதல் பந்திலேயே சுப்மன் கில்லை வீழ்த்தினார். புள்ளிப்பட்டியலில் ஒன்பதாம் இடத்தில் நின்ற அணியின் அந்த ஒற்றை விக்கெட்டுக்கு அன்று என்ன பொருள் இருந்திருக்க முடியும்? 2023இல் அவர் 19 விக்கெட்டுகள் எடுத்தார். கான்வே 672 ஓட்டங்கள் குவித்து இறுதியாட்டத்தின் நாயகனானார். கடைசி இரு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்து ஜடேஜா ஐந்தாவது கோப்பையைப் பெற்றுத் தந்தார்.

விதைத்ததெல்லாம் முளைப்பதில்லை

இரு தோல்விகளை அடுத்து இரு கோப்பைகள் வந்தன என்பதைக் கொண்டே விதி வகுத்துவிடக் கூடாது. 2022இல் 16 விக்கெட்டுகள் எடுத்து நம்பிக்கையூட்டிய முகேஷ் சௌத்ரி, முதுகுக் காயத்தால் 2023 முழுவதையும் இழந்தார். அழுத்தமற்ற ஆட்டத்தில் எடுக்கும் ஓட்டங்கள் அழுத்தமுள்ள ஆட்டத்திலும் வருமென்று எவரும் உறுதி கூற முடியாது. வெளியேறிவிட்ட அணியை எதிர்த்து ஆடுவோரும் சில வேளைகளில் தளர்ந்தே ஆடுகின்றனர். உளுந்துக்கும் இத்தகைய இடர் உண்டு. பதம் தவறினால் முளைக்காது. பிந்திய மழை பெய்தால் அழுகிவிடும்.

எனினும், தொழில்முறை விளையாட்டு வெகுகாலமாக நடைபெற்றுவரும் நாடுகள் இந்த இடரை ஏற்றுக்கொண்டு இதற்கென்றே முறைகள் வகுத்திருக்கின்றன. அமெரிக்கப் பேஸ்பால் பெருங்குழுப் போட்டியில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. செப்டம்பர் பிறந்ததும் ஆட்டப் பட்டியலை விரித்துக்கொள்ளலாம். 2019 வரை நாற்பது பேர் வரைக்கும் சேர்க்க இடமிருந்தது. 2020 முதல் இந்த எண்ணிக்கை 28ஆகக் குறுகியது. கோப்பைக் கனவு கலைந்த அணிகள் தங்கள் கீழ்நிலைக் குழுக்களிலிருந்து இளைஞர்களை அழைத்து அந்த மாதத்தில் ஆடவைக்கும். அதற்கு முன்பே, கோடை நடுவில் வரும் பரிமாற்றக் கெடுவுக்குள், மூத்த ஆட்டக்காரரை வெல்லும் நிலையிலுள்ள அணிக்குக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று இளையவர்களைப் பெற்றுக்கொள்வதும் உண்டு. அங்கே விசிறிகள் தோல்விப் பருவத்தின் செப்டம்பரை வரும் ஆண்டின் முன்னுரையாக வாசிக்கப் பழகியிருக்கிறார்கள்.

ஐ.பி.எல். பருவத்தில் ஒரு அணிக்குப் பதினான்கே லீக் ஆட்டங்கள். கீழ்நிலைக் குழு என்று ஒன்றில்லை. காயமுற்றவருக்கு மாற்றாகத்தான் பருவத்தின் நடுவே ஒருவரைச் சேர்க்க முடியும். ஆகவே தரிசு நிலம் மிகச் சிறியது. ஐந்தாறு ஆட்டங்கள், அவ்வளவே. அதைப் பயன்படுத்த முடிவு செய்யும் நாள் முக்கியமாகிறது.

2025: முன்கூட்டியே தூவிய விதை

2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த பெரிய ஏலத்துக்கு முன்பு, ருதுராஜுக்கும் ஜடேஜாவுக்கும் தலா 18 கோடி, பதிரனவுக்கு 13 கோடி, சிவம் துபேவுக்கு 12 கோடி என்று கொடுத்துச் சென்னை தக்கவைத்துக்கொண்டது. ஐந்தாண்டுகளாக நாட்டுக்கு ஆடாதவர் என்ற விதியின்படி தோனிக்கு 4 கோடி. ஏலத்தில் அஸ்வின் 9.75 கோடிக்கும் கான்வே 6.25 கோடிக்கும் வந்தார்கள். பழைய உறவுகளைத் திரும்பவும் கூட்டிக்கொண்ட ஏலம் அது.

முதல் ஆட்டத்தில் மும்பையை வென்ற பின்னர் தொடர்ந்து ஐந்து தோல்விகள். 2008க்குப் பிறகு முதன்முறையாகப் பெங்களூர் அணி சேப்பாக்கத்தில் வென்றது. ருதுராஜின் முழங்கை எலும்பு முறிந்தது. ஏப்ரல் 11 முதல் தோனி மீண்டும் தலைவர். அன்று சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக இருபது ஓவரிலும் 103 ஓட்டங்கள் மட்டுமே.

நெல் அறுக்கும் முன்பே உளுந்து தூவப்பட்டது இவ்வாண்டில்தான். ருதுராஜுக்கு மாற்றாக மும்பையைச் சேர்ந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே 30 லட்சத்துக்கு வந்தார். தமிழ்நாட்டு வேகப்பந்து வீச்சாளர் குர்ஜப்னீத் சிங் காயமுற்றதால் தென்னாப்பிரிக்காவின் டெவால்ட் பிரேவிஸ் 2.2 கோடிக்கும், வன்ஷ் பேடிக்கு மாற்றாகக் குஜராத்தின் உர்வில் படேல் 30 லட்சத்துக்கும் வந்தனர். மூவரும் ஜெட்டா ஏலத்தில் எவராலும் வாங்கப்படாதவர்கள். ஏப்ரல் 20 அன்று மும்பையிடம் தோற்ற பிறகு, தகுதி பெறாவிட்டாலும் அடுத்த ஆண்டுக்கான பதினொருவரை உறுதி செய்துகொள்ள வேண்டும் என்ற கருத்தில் தோனி பேசினார். 2020இல் பொறியில்லை என்றவர் அவரே என்பதை நினைத்துப் பார்த்தால், ஐந்தாண்டில் சென்னை அணி கடந்து வந்த தொலைவு புலப்படும்.

ஏப்ரல் 30 அன்று பஞ்சாபிடம் தோற்று, அவ்வாண்டின் முதல் அணியாகச் சென்னை வெளியேறியது. மே 3 அன்று பெங்களூருக்கு எதிராக மாத்ரே 48 பந்துகளில் 94 எடுத்தார்; அணி இரண்டு ஓட்டங்களில் தோற்றது. மே 7 அன்று கொல்கத்தாவில் உர்வில் 11 பந்துகளில் 31, பிரேவிஸ் 25 பந்துகளில் 52; சென்னை வென்றது. அடுத்த இரு நாட்களில் இந்திய – பாகிஸ்தான் எல்லை மோதலால் தொடர் இடைநிறுத்தப்பட்டது. மே 17 அன்று மீண்டும் தொடங்கியபோது வந்த புதிய விதி ஒன்று கவனிக்கத்தக்கது: இடைநிறுத்தத்துக்குப் பின்னர் சேர்க்கப்படும் தற்காலிக ஆட்டக்காரர்களை மறு ஆண்டுக்குத் தக்கவைக்க இயலாது. சென்னையின் மூன்று விதைகளும் அதற்கு முன்பே ஊன்றப்பட்டிருந்தன. மே 25 அன்று அகமதாபாத்தில் கடைசி ஆட்டம். பட்டியலில் மேலே நின்ற குஜராத்தை 83 ஓட்டங்களில் சென்னை வென்றது. ஏழு ஆட்டங்களில் மாத்ரே 240, ஆறு ஆட்டங்களில் பிரேவிஸ் 225. அணியோ பதினான்கில் நான்கு வெற்றிகளுடன், தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்தில் நின்றது.

பிரிவின் விலை

விதைத்தவன் அறுத்தும் ஆக வேண்டும். ஆகஸ்ட் 27 அன்று அஸ்வின் ஐ.பி.எல்.லிலிருந்து ஓய்வு பெற்றார். நவம்பர் 15 அன்று வந்த பட்டியல் பலரைத் திடுக்கிட வைத்தது. ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குச் சென்றார்கள். அவர்களுக்கு ஈடாகச் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். கான்வேயும் பதிரனவும் விடுவிக்கப்பட்டார்கள். 2022இன் தரிசில் முளைத்த இருவருமே 2025இன் தரிசுக்காக அகற்றப்பட்டார்கள் என்பதில் ஒரு கசப்பான ஒழுங்கு இருக்கிறது. மாத்ரே, பிரேவிஸ், உர்வில் மூவரும் தக்கவைக்கப்பட்டனர். அதே தோல்விப் பருவத்தில் முதல் வாய்ப்பைப் பெற்ற ஆந்திரத்தின் ஷேக் ரஷீதுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை.

ஜடேஜாவின் பிரிவைச் சற்று நின்று நோக்க வேண்டும். 2012 முதல் அணியில் இருந்தவர். 2023 கோப்பையை வென்று கொடுத்த மட்டை அவருடையது. அதே ஆண்டு மே மாதத்தில், தாம் முன்னதாக ஆடவந்தால் தாம் ஆட்டமிழப்பதற்காகவே கூட்டம் காத்திருக்கும் என்று அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். தோனி களம்புக வேண்டுமென்பதற்காகத் தன் அணி ஆட்டக்காரரின் விக்கெட்டுக்கே ஆரவாரித்த கூட்டம் நாம்தான். சுற்றந்தழால் எனும் பெயரில் நாம் தழுவிக்கொண்டது சுற்றத்தையா, ஒருவரையா? அணி நிர்வாகம் தன் முடிவுகளுக்கு விடை கூறட்டும். பார்வையாளர்களாகிய நம்முடைய பங்குக்கு நாமும் விடை கூறியாக வேண்டும்.

சொந்த மண்ணின் விதை

இன்னொரு கேள்வியும் மிஞ்சுகிறது. 2020இன் பொறி விவாதத்தில் அடிபட்ட பெயர்களுள் ஒன்று கோயம்புத்தூரைச் சேர்ந்த நாராயண் ஜெகதீசன். அவரை 2022 நவம்பர் 15 அன்று சென்னை விடுவித்தது. விஜய் ஹசாரே போட்டியில் அவர் அப்போது தொடர் சதங்களின் நடுவில் இருந்தார். ஆறே நாளில், நவம்பர் 21 அன்று, அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்துகளில் 277 எடுத்தார். அது அவருடைய ஐந்தாவது தொடர் சதம். ஒருநாள் முதல்தர வகை ஆட்டங்களில் அன்றுவரை எவரும் எட்டாத எண்ணிக்கை. மறுபுறம், தமிழ்நாடு பிரீமியர் லீகில் கோவை அணிக்கு ஆடிய சாய் சுதர்சனைக் குஜராத் 2022இல் 20 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டது. 2023 இறுதியாட்டத்தில் சென்னைக்கு எதிராகவே அவர் 47 பந்துகளில் 96 எடுத்தார். சென்னை கடைசி இடத்தில் முடித்த 2025இல் 759 ஓட்டங்களுடன் பருவத்திலேயே முதலிடம் அவருக்கு.

தொடக்க ஆண்டுகளில் பத்ரிநாத், முரளி விஜய், அஸ்வின், பாலாஜி என்று தமிழ்நாட்டுப் பெயர்கள் ஆடும் பதினொருவரில் சாதாரணமாக இருந்தன. 2025 பருவத்துக்காக வாங்கப்பட்ட இளைஞர் ஆந்த்ரே சித்தார்த் ஓர் ஆட்டமும் ஆடாமலே விடுவிக்கப்பட்டார். விஜய் சங்கரும் விடுவிக்கப்பட்டார். வெளியூர் ஆட்டக்காரர்களை நாம் வெறுக்கச் சொல்லவில்லை. ராஞ்சிக்காரரைத் தலைவன் என்று கொண்டாடிய ஊர் இது. ஆனால் தோல்விப் பருவத்தின் கடைசி ஆட்டங்கள் விலையற்றவை. அவற்றில் ஒருவனை ஆடவிட்டுப் பார்ப்பதால் எந்தக் கோப்பையும் பறிபோவதில்லை. சேலத்து மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் இந்திய அணி வரை சென்றதை நாம் கண்டிருக்கிறோம். கள்ளக்குறிச்சியின் பெயரில் மாநில லீகில் ஓர் அணியும் இல்லை. திருச்சி நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டைக்கும் சேப்பாக்கத்துக்கும் இடையே ஏறக்குறைய 200 கிலோமீட்டர். தார் பந்தாலும் டென்னிஸ் பந்தாலும் ஏரி வறண்ட திடலில் ஆடும் சிறுவனுக்கு அந்தத் தொலைவு இன்னும் நீளமானது.

2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஏலத்தில் சென்னை அணி, நாட்டுக்கு இன்னும் ஆடாத இரு இளைஞர்களை, ராஜஸ்தானின் கார்த்திக் சர்மாவையும் உத்தரப் பிரதேசத்தின் பிரசாந்த் வீரையும், தலா 14.20 கோடிக்கு வாங்கியது. இந்திய அணிக்கு ஆடாதவர்களுக்கு அதுவரை எந்த ஏலத்திலும் கொடுக்கப்படாத விலை. இருவருக்கும் தொடக்க விலை 30 லட்சமே. இளமையின் மீது நம்பிக்கை வைத்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனாலும் மாத்ரேயும் உர்வில் படேலும் அதே 30 லட்சத்துக்கு வந்தவர்கள். ருதுராஜ் 20 லட்சத்துக்கு. அவர்களுடைய மதிப்பைக் கண்டுகொடுத்தவை, புள்ளிப்பட்டியலில் பொருளற்றுப்போன சில மாலை ஆட்டங்கள்.

மிளகு விலையில் வாங்குகிறவனுக்கு அது உளுந்தாகிவிடுமோ என்ற அச்சம் என்றும் இருக்கும். எஞ்சிய ஈரத்தில் உளுந்தையே தூவியவனுக்கு அந்த அச்சமில்லை. பதம் பார்க்கத் தெரிந்திருந்தால் போதும். அடுத்த முறை நம் அணி தோற்றுத் தொலைந்தது என்று தொலைக்காட்சியை அணைக்கப் போகும் நண்பர்கள், மீதமுள்ள நான்கு ஆட்டங்களில் யார் புதிதாகக் களமிறங்குகிறார் என்பதை மட்டுமாவது பார்த்துவிட்டு அணைக்கலாம்.